வெள்ளிக்கிழமை முட்டை

ஆவணி முடியும் நாட்களில் மோர்னிங்சைட் பூங்காவின் ஓடைக்கரை முழுவதும் ஒரு மஞ்சள் பூ பூத்துக் கிடக்கும். இருபது வருடமாக அந்தப் பாதையில் நடக்கிறேன். ஒருநாளும் அதன் பெயரைக் கேட்டதில்லை. என் கணக்கில் அது தும்மல் பூ. அதைத் தாண்டும்வரை சால்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பேன், அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த உறவு.

போன சனிக்கிழமை காலை மகள் அபியும் என்னோடு நடக்க வந்திருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைக் கண்டாலும் ஃபோனை நீட்டுவார்கள். அவளும் அந்தப் பூவுக்கு முன்னால் குனிந்து ஃபோனை நீட்டினாள். அது ஒரு கணம் யோசித்துவிட்டுப் பெயரைக் காட்டியது.

"கோல்டன்ரொட்டாம், அம்மா."

நான் நின்றுவிட்டேன். முழங்கால் பிடித்துவிட்டதோ என்று அபி பயந்துபோனாள். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு முப்பது வருடம் இருக்கும். அது ஒரு பூவின் பெயர் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் அறிந்த கோல்டன்ரொட் ஒரு முட்டைச் சாப்பாடு.

சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்து வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படி ஒன்று செய்வார்களாம். பட்டரில் கோதுமை மாவை வாட்டி, பால் விட்டுக் காய்ச்சினால் ஒரு வெள்ளைக் குழம்பு வரும். அவித்த முட்டையின் வெள்ளையைக் குறுணியாக வெட்டி அதற்குள் போட்டு, டோஸ்டரில் வாட்டிய பாண் துண்டின் மேல் ஊற்ற வேண்டும். பிறகு மஞ்சள் கருவை அரிதட்டில் வைத்து அழுத்தினால், பூத்தூள் கொட்டுவதுபோல் மேலே விழும். அந்த மஞ்சளுக்காகத்தான் பூவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதைச் செய்து கொடுத்த எனக்கே இது இப்போதுதான் விளங்குகிறது.

நாங்கள் அப்போது ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் இருந்தோம். அங்கே எலிவேட்டர் கதவு திறக்கும்போது வரும் வாசத்தை வைத்தே எந்த மாடி என்று சொல்லிவிடலாம். ஏழில் கருவாடு, பதினொன்றில் யாரோ முட்டைக்கோவா அவிப்பார்கள், எங்கள் மாடியில் சரக்குத்தூள் வறுத்த நெடி. இவர், என் கணவர், விடியப்புறமே மிசிசாகாவுக்கு, விமான நிலையப் பக்கம் வேலைக்குப் போய்விடுவார். இரண்டு வயது அபியை அடுத்த கதவு அன்ரியிடம் விட்டுவிட்டு நானும் ஓடுவேன். பார்லிமென்ட் வீதியைக் கடந்து உள்ளே போனால் ஒரு பழைய செங்கல் வீடு. இருபது முதியவர்கள் அங்கே இருந்தார்கள். அதன் சமையலறையில்தான் எனக்குக் கனடாவில் கிடைத்த முதல் வேலை. வயது முப்பத்திநாலு. ஊரில் கணக்குப் படிப்பித்தவள் இங்கே வந்து கரட் சீவினேன். கரட்டுக்கும் அதில் வருத்தம், எனக்கும் வருத்தம்.

பெரிய சமையல்காரர் மனுவல், போர்த்துக்கல் மனிதர். நல்லவர், ஆனால் தன் அடுப்பில் வேறு கை படுவதைப் பொறுக்கமாட்டார். வீட்டில் பாதிப் பேருக்குப் பிரஷர் என்பதால் உப்பு முழுவதும் அவர் பொறுப்பு. சின்னக் கரண்டியால் அளந்து அவரேதான் போடுவார், நான் அந்தப் போத்தலைத் தொடவே கூடாது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. வியாழக்கிழமையே எல்லாவற்றையும் சமைத்துக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போவார், நான் சூடாக்கிக் கொடுப்பேன். ஆக, கிழமையில் ஒரேயொரு நாள்தான் அடுப்பு எனக்குச் சொந்தம்.

அந்த ஒரு நாளும் எனக்குச் சைவம். வெள்ளிக்கிழமையில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. அம்மா சின்ன வயதில் பழக்கியது. வேலை என்று வந்த பிறகு பிள்ளையாரோடு ஒரு உடன்படிக்கை செய்துகொண்டேன். கை முட்டையைத் தொடலாம், நாக்கு தொடாது. திருநீறு பூசிக்கொண்டு போய் இருபது பேருக்கு முட்டை அவித்துவிட்டு, நான் மூலையில் இருந்து பாணும் வாழைப்பழமும் சாப்பிடுவேன். பிள்ளையார் இதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை. மனுவல்தான் சிரிப்பார்.

மிஸிஸ் ஹார்லன் இரண்டாம் மாடியில் ஜன்னலோர அறையில் இருந்தார். எண்பதை நெருங்கியவர், ஒல்லி, கழுத்தில் எப்போதும் ஒரு நீலச் சால்வை. ஓஹையோவில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். அமெரிக்கப் படை அவருடைய மகனைப் போருக்குக் கூப்பிட்டபோது பையன் போகமாட்டேன் என்று எல்லை கடந்து ரொறன்ரோவுக்கு ஓடி வந்துவிட்டான். இரண்டு வருடம் கழித்து, கணவரும் இறந்த பிறகு, தாயும் பின்னாலேயே வந்தார். மகன் பிறகு வன்கூவர் போய்ச் சேர்ந்தார், வருடத்தில் ஒரு கிறிஸ்மஸ் அட்டை வரும். தாய்க்கு அந்த ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரமும் மிஞ்சின.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் சாப்பாட்டை நிறுத்தினார். நோய் என்று ஒன்றும் இல்லை. தட்டு போன மாதிரியே திரும்பி வரும். கிழமைக்குக் கிழமை உடம்பு நிறை குறைந்தது. இப்படியே போனால் நகரத்தின் மறுபக்கத்தில் உள்ள பெரிய பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள், அங்கே குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பார்கள் என்று தாதி சொன்னார். அது மிஸிஸ் ஹார்லனுக்கும் தெரியும். இனி எங்கேயும் இடம்பெயரமாட்டேன், இந்த ஜன்னலடியிலேயே சாகிறேன் என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல் மறந்துபோயிற்று. எனக்குள் அது 'இடம்பெயர்தல்' என்றுதான் கிடக்கிறது.

எனக்கு அவரைப் போகவிட மனமில்லை. அந்த வீட்டில் என் பெயரை முழுதாகச் சொல்லப் பழகிய ஒரே ஆள் அவர். ஒரு வெள்ளிக்கிழமை தைரியமாகக் கேட்டேன், எதைச் செய்து தந்தால் சாப்பிடுவீர்கள் என்று. மேப்பிளைப் பார்த்தபடி கோல்டன்ரொட் என்ற அந்தப் பெயரைச் சொன்னார். தன் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வாவாம். முட்டை, வெள்ளைக் குழம்பு, மேலே மஞ்சள்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இது தேங்காய்ப்பாலில் நாங்கள் வைக்கும் முட்டைச் சொதி அல்லவா! இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து பார்த்தால் ஓஹையோக்காரரும் சொதிதான் சாப்பிட்டிருக்கிறார்கள்! படிகளில் ஓடி இறங்கினேன். தேங்காய்ப்பால் இல்லை, பசுப்பால் இருக்கிறது. வெங்காயம் வெட்டிப் போட்டேன், மேலே மஞ்சள் என்றாரே என்று ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டேன். இறக்கிவைத்து, வழக்கம்போல் புளிப்புக்கு அரைத் தேசிக்காயும் பிழிந்துவிட்டேன். தேங்காய்ப்பாலுக்குப் பழகிய கை, வேறு என்ன செய்யும். கொண்டுபோய் வைக்கும்போதே பால் திரைந்து, தண்ணீர் வேறு கட்டி வேறாக நின்றது.

மிஸிஸ் ஹார்லன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது, ஏனென்றால் என் கண் கலங்கிவிட்டிருந்தது. வகுப்பில் பிள்ளைகள் பிழையாகக் கணக்குச் செய்தால் எத்தனை தரம் கொப்பியை வீசியிருப்பேன். அவர் ஒன்றையும் வீசவில்லை. என்னை எழுதச் சொல்லி, ஒன்று விடாமல் மெதுவாகச் சொன்னார். சாப்பாட்டு அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். ஆறு வரி.

முட்டை மூன்று, கடுமையாக அவிக்கவும். பட்டர் இரண்டு கரண்டி, உருகியதும் மா இரண்டு கரண்டி. பால் ஒரு கப், கொஞ்சம் கொஞ்சமாக. வெள்ளையை வெட்டிப் போடவும். பாணின் மேல் ஊற்றவும். மஞ்சளை அரித்துத் தூவவும்.

அன்று ஒரு முடிவெடுத்தேன். இந்த ஆறு வரிக்கு மேல் என் புத்தியில் இருந்து ஒரு துளியும் சேர்ப்பதில்லை. முட்டாள்தனத்தைச் செய்தவள் இனி எழுத்துக்கு எழுத்து நடக்க வேண்டும்.

அப்படியே நடந்தேன். ஒவ்வொரு வெள்ளியும் மற்றவர்களின் காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரே ஒரு தட்டு. வாட்டிய மாவும் பட்டரும் சேர்ந்து பிஸ்கட் வாசம் எழும்பும். பாலை அவசரப்பட்டு ஊற்றினால் கட்டிபட்டுவிடும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். பார்வைக்கு நல்ல வடிவாக வந்தது. ஆனால் மிஸிஸ் ஹார்லன் இரண்டு வாய் சாப்பிடுவார், நன்றி சொல்வார், முள்ளுக்கரண்டியைக் கீழே வைப்பார். நாலைந்து வெள்ளி அப்படித்தான். நிறை குறைந்துகொண்டே போயிற்று. கிறிஸ்மசுக்கு முன் மாற்றிவிடலாம் என்று தாதி கடதாசிகளை ஆயத்தம் செய்யத் தொடங்கினார்.

ஒரு வியாழக்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. ஊரில் போரின் நடுவே ஃபோன் ஏது. அண்ணை எழுதி, கொழும்புக்கு வந்த யாரிடமோ கொடுத்து, அவர் தபாலில் போட்டு, மூன்று கிழமை கழித்து வந்த கடிதம். அம்மா செத்துவிட்டா. நான் பாண் வெட்டிக்கொண்டும் எலிவேட்டருக்குக் காத்துக்கொண்டும் இருந்த மூன்று கிழமையும் அம்மா இல்லாத கிழமைகள்தான். கடைசி வரியை இப்போதும் பார்க்காமல் சொல்வேன். 'கடைசி மாசம் சாப்பாட்டைத் தொடேல்லை. பிள்ளை வந்து தரட்டும், பிள்ளை வந்து தரட்டும் எண்டு அதையே சொல்லிக்கொண்டு கிடந்தவ.'

வீட்டில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் அம்மா பிள்ளை என்று கூப்பிடுவது என்னை மட்டும்தான்.

எனக்கு வதிவிட அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. போனால் திரும்பி வரமுடியாது. போய்த்தான் இனி என்ன. இரவு முழுக்க அபியைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். காலையில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். சாவுத் துடக்கு வீட்டுக்காரி திருநீறு பூசலாமா என்று கேட்க யாரும் இல்லாததால் பூசவில்லை. இருபது முட்டையோடு மேலும் மூன்று அவித்தேன்.

தட்டை வைத்துவிட்டுத் திரும்ப, மிஸிஸ் ஹார்லன் என் கையைப் பிடித்தார். நெற்றியைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன், ஒவ்வொரு வெள்ளியும் இருக்கும் வெள்ளைக்கோடு அன்று இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார். என்னிடம் அப்போது இருந்த ஆங்கிலம் முழுவதையும் சேர்த்துச் சொன்னேன்.

"மை மதர் டெட். ஷீ நோ ஈட். ஷீ வெயிட் மீ."

அதற்கு மேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. அழுகைதான் வந்தது. சத்தமில்லாமல் அழப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் என் கையை விடவில்லை. பிறகு சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் எனக்குள் அது எங்கள் தமிழிலேயே பதிந்துவிட்டது.

"நானும் என்ர அம்மான்ர செத்தவீட்டுக்குப் போகேல்லை. ஓடிப்போனவன்ர தாய் வரக்கூடாது எண்டு என்ர சகோதரங்கள் சொல்லிப்போட்டாங்கள்."

சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு வாய். இரண்டாவது வாய். நான் வழக்கம்போல் முள்ளுக்கரண்டி கீழே வைக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அவர் மூன்றாவது வாய் எடுத்தார். அவசரமில்லாமல், என்னைப் பார்த்துக்கொண்டே, முழுவதையும் சாப்பிட்டார். கடைசியில் பாண் துண்டால் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"இண்டைக்குத்தான் சரியா வந்திருக்கு. அம்மான்ர கை மாதிரியே இருக்கு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை, அந்தத் துக்கத்துக்குள்ளும். கை பழகிவிட்டது என்று நினைத்தேன். கண் கலங்கியபடியே கிண்டியதில் மா பதமாக வாடியிருக்க வேண்டும் என்று ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். சனி போக, ஞாயிற்றுக்கிழமை மனுவலிடம் சொன்னேன், அவர் என் முதுகில் தட்டினார். அதன் பிறகு எந்த வெள்ளியும் அந்தத் தட்டு மிச்சத்தோடு திரும்பவில்லை. மற்ற நாட்களிலும் கொஞ்சம் சூப், கொஞ்சம் கஞ்சி என்று தொடங்கினார். தாதி கடதாசிகளைத் திரும்ப மேசை லாச்சிக்குள் வைத்தார். மிஸிஸ் ஹார்லனைச் சாப்பிட வைத்தவள் நான்தான் என்று அந்த வீடே பேசியது. நான் மறுக்கவில்லை. அம்மாவுக்குக் கொடுக்க முடியாமல்போன கை இங்கே ஒரு தாய்க்காவது கொடுக்கிறதே என்று அந்த மாரிக்குளிர் முழுவதையும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன்.

ஒன்றை மட்டும் அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார் என்பார். வெள்ளிக்கிழமை, கூடாது என்பேன். கடவுள் கோபிப்பாரா என்பார். கடவுள் இல்லை, அம்மா கோபிப்பா என்பேன். அப்படியானால் சனிக்கிழமை வா, மனுவலிடம் அடுப்பை நான் கேட்டு வாங்கித் தருகிறேன், நீ உனக்கும் எனக்கும் செய், இருவரும் சாப்பிடுவோம் என்றார். சனிக்கிழமை எனக்கும் அபிக்கும் கிடைக்கும் ஒரே நாள். உடுப்புத் தோய்க்க நிலவறைக்குப் போகவேண்டும், கடைக்குப் போகவேண்டும். அடுத்த சனி வருகிறேன் என்றேன். அதற்கு அடுத்த கிழமையும் அதையே சொன்னேன். நாளடைவில் அது எங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் ஒரு பகிடியாகிவிட்டது.

சித்திரை பிறந்து, மேப்பிளில் சிவப்பாக மொட்டு வெடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலைக்குப் போனபோது மிஸிஸ் ஹார்லன் இல்லை. நித்திரையிலேயே, தன் அறையில், அந்த ஜன்னலடியிலேயே போயிருந்தார். அந்த வருடமே நான் வேறு வேலைக்கு மாறினேன், பிறகு ஸ்காபரோவுக்கு வந்தோம். அந்த முட்டையை அதன் பிறகு செய்யவில்லை. எங்கள் வீட்டில் மாவையும் பாலையும் காய்ச்சி முட்டையில் ஊற்றி வைத்தால் இவர் எனக்குக் காய்ச்சலோ என்று கேட்டிருப்பார்.

போன சனிக்கிழமை பூங்காவில் இருந்து திரும்பியதும் நேரே அடுப்படிக்குப் போனேன். அபிக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே செய்தேன். தாள் எப்போதோ தொலைந்துவிட்டது, ஆனால் ஆறு வரியும் மனப்பாடம். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. மஞ்சள் கரு அரிதட்டால் இறங்கியபோது ஓடைக்கரையில் கண்ட அதே நிறம். அபி படம் எடுத்தாள். பிறகு ஒரு வாய் வைத்தாள். அவள் முகம் ஒரு மாதிரிப் போயிற்று.

"அம்மா, டோன்ற் கெற் மேட்... பட் இதில உப்பே போடேல்லையே."

உப்பு அந்த ஆறு வரியில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் வெளியே வருவதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. உப்புப் போடு என்று எந்தச் சமையல்காரி இன்னொருத்திக்குச் சொல்வாள்? அது சொல்லாமலே போடுவது. அபியின் கையில் இருந்த கரண்டியை வாங்கி, முப்பது வருடத்தில் முதல் தடவையாக அதை வாயில் வைத்தேன். பச்சைத் தண்ணீரில் கரைத்த பசைபோல் மேலண்ணத்தில் ஒட்டியது. ஒரு ருசியும் இல்லை. மூன்றாவது வாய் யாராலும் சாப்பிட முடியாது.

அப்படியென்றால் அந்த முதல் நாலைந்து வெள்ளி அவரை இரண்டு வாயோடு நிறுத்தியது என் சமையல்தான். அந்தக் கடிதம் வந்த மறுநாள் வெள்ளியும் இதே உப்பில்லாத தட்டுத்தான். கையும் பழகவில்லை, மாவும் பதமாக வாடவில்லை. அம்மா சாப்பிடாமல் எனக்காகக் காத்திருந்தா என்று நான் சொன்ன பிறகு, அவர் எனக்காகச் சாப்பிட்டிருக்கிறார். அந்த மாரி முழுவதும், வெள்ளிக்கு வெள்ளி, தட்டை வழித்து. ஒரு வாய் சாப்பிட்டுப் பார் என்று அத்தனை தரம் சொன்னாரே. வேறு எப்படிச் சொல்வார் பாவம்.

அவரை நான் சாப்பிட வைத்தேன் என்று இவ்வளவு காலமும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, யாரோ என் தலையைத் தடவிவிட்டதுபோலவும் இருந்தது. தட்டுக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன்.

போய்ச் சொல்ல இடமில்லை. அந்தச் செங்கல் வீட்டை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். மேப்பிளும் இல்லை. மனுவல் ஊருக்கே திரும்பிவிட்டார் என்று கேள்வி. அந்த ஜன்னலில் இருந்து எந்தத் திசை தெரியும் என்பதுகூட இப்போது எனக்கு நிச்சயமில்லை.

அபி உப்புப் போத்தலை எடுத்து வந்தாள். நான் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தேன்.

"வேண்டாம் பிள்ளை. இருக்கட்டும்."

ஆறிப்போயிருந்த அந்தத் தட்டை முழுவதும் சாப்பிட்டு முடிக்கக் கனநேரம் எடுத்தது. கடைசியில் பாண் துண்டால் வழித்தேன். சனிக்கிழமை வருகிறேன் என்று மிஸிஸ் ஹார்லனுக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா. அன்று சனிக்கிழமை.